'கம்போர்ட்' என்று எழுதினால் நம் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கிறார்களா?

கடலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"வணக்கம் மேடம். மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரி வந்து, ஒயிட் டவுனில் ஒரு ஹோட்டலில் வரவேற்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாக வந்திருக்கும் மேலாளர் பாரிஸில் பல வருஷம் இருந்த புதுச்சேரிக்காரர். ஊழியர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். அதில் 'ஆல் ஸ்டாஃப் மஸ்ட் கம்போர்ட் தெம்செல்வ்ஸ் வித் டிக்னிட்டி' என்று ஒரு வரி. பாதிப் பேர் அதை கம்ஃபர்ட் என்று படித்துவிட்டார்கள். ஹவுஸ்கீப்பிங் அக்காக்களிடம் யாரோ 'எல்லாரும் ஒழுக்கமா நடந்துக்கணும்னு போட்டிருக்காங்க' என்று சொல்லிவிட்டார்கள். 'நாங்க என்ன ஒழுக்கம் கெட்டா போனோம்' என்று ஒரு அக்கா அழுதேவிட்டார். அதைத் தமிழில் எழுதித் தரும்படி மேலாளர் என்னிடமே கொடுத்திருக்கிறார். இதற்கு நடுவில் நான் என் வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் 'ஐ கம்போர்ட் வித் கெஸ்ட்ஸ் வெரி வெல்' என்று எழுத, அவர் அதன் கீழே சிவப்பில் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்? நாம் பயன்படுத்தலாமா? தமிழில் எப்படி எழுதுவது?"

முதலில் அந்த அக்காவுக்கான பதில். இன்று வேலைக்குப் போனதும் அவரிடம் சொல்லிவிடுங்கள்: அந்த வரியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. யாரும் தவறு செய்ததாகவோ, யாருடைய ஒழுக்கத்திலோ குறை இருப்பதாகவோ அந்த ஆங்கிலச் சொல் சொல்லவில்லை. நாலு பேர் பார்க்கும் இடத்தில் ஒருவர் தன்னை எப்படி வைத்துக்கொள்கிறார், எப்படி நிற்கிறார், எப்படிப் பேசுகிறார் என்பதைப் பற்றிய சொல் அது. 'கண்ணியமாக நடந்துகொள்ளுங்கள்', அவ்வளவுதான் செய்தி. ஒழுக்கம் என்ற சொல்லைக் கொண்டுவந்தது இடையில் வாய்மொழியாக மொழிபெயர்த்தவர், மேலாளர் இல்லை. இதை நீங்கள் இன்றே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒரு அறிவிப்பால் வந்த வருத்தம் நாள் ஆக ஆக அறிவிப்போடு நிற்காது, எழுதியவர் மேல் போய்விடும்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். கம்போர்ட் என்பதில் நடுவே வருவது பி, கம்ஃபர்ட்டில் வருவது எஃப். அழுத்தமும் வேறு: கம்ஃபர்ட்டில் முதல் அசையை அழுத்துவோம், கம்போர்ட்டில் இரண்டாவது அசையை, 'போர்ட்' என்பதை. இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை. வசதியைக் குறிக்கும் கம்ஃபர்ட் 'ஃபோர்ட்டிஸ்', அதாவது வலிமை என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் சொல் 'போர்ட்டாரே', அதாவது சுமப்பது, எடுத்துச் செல்வது என்ற வினையிலிருந்து வந்தது. ரயில் நிலையத்து போர்ட்டர், எக்ஸ்போர்ட், இம்போர்ட், டிரான்ஸ்போர்ட் எல்லாம் அதே குடும்பம். எதைச் சுமப்பது என்று கேட்டால், தன்னைத்தான். அதனால்தான் இந்தப் பொருளில் இந்தச் சொல் தனியாக நிற்காது, 'செல்ஃப்' என்பது கூடவே வரும்: ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், தெம்செல்வ்ஸ். தமிழில் 'நடந்தார்' என்றால் கால் நடை, 'நடந்துகொண்டார்' என்றால் வேறு அர்த்தம் ஆகிவிடுகிறது இல்லையா? அந்தக் 'கொள்' தமிழில் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் இந்த 'செல்ஃப்' செய்கிறது. அதை விட்டுவிட்டால் வாக்கியம் வேறு எங்கோ போய்விடும்.

இன்னொன்றும் கூடவே வரவேண்டும்: எப்படி என்பது. 'ஷி கம்போர்ட்டட் ஹெர்செல்ஃப்' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் 'எப்படி?' என்று காத்திருப்பார். 'வித் டிக்னிட்டி', 'வெல்', 'வித் கிரேட் காம்', இப்படி ஏதாவது ஒன்று வேண்டும். தேர்தலில் தோற்றவர் வென்றவருக்குக் கை கொடுத்து வாழ்த்திவிட்டுப் போனார், குறுக்கு விசாரணையில் சாட்சி பதறாமல் நின்றார், துக்க வீட்டில் மூத்த மகள் எல்லாரையும் தேற்றிக்கொண்டு நின்றார், இந்த மாதிரி இடங்களில் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இந்தச் சொல்லை எடுக்கிறார்கள். கவனித்துப் பாருங்கள், இந்த மூன்றிலுமே ஒரு நெருக்கடி இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கும் கண்களும் இருக்கின்றன. சும்மா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பவருக்கு யாரும் இந்தச் சொல்லைப் போடுவதில்லை.

உங்கள் படிவத்தில் என்ன நடந்தது என்பதும் இப்போது தெரிந்திருக்கும். நீங்கள் 'செல்ஃப்' போடாமல் 'கம்போர்ட் வித்' என்று எழுதிவிட்டீர்கள். ஆங்கிலத்தில் அதற்குத் தனி அர்த்தம் உண்டு: ஒத்துப்போவது, பொருந்துவது. அங்கே எழுவாயாக வருவது மனிதர் இல்லை, ஒரு செய்தி, ஒரு விதி, ஒரு தீர்ப்பு. 'அவர் சொன்ன கதை சாட்சியங்களோடு கம்போர்ட் ஆகவில்லை' என்பது போல. அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புகளைப் புரட்டினால் இந்த நடைமுறை அரசியல் சட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று கேட்கும் இடங்களில் இந்தச் சொல் நிறைய வரும். ஆக, உங்கள் மேலாளர் படித்தது 'நான் விருந்தினர்களோடு மிக நன்றாகப் பொருந்துகிறேன்' என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தை. கோடு போட்டதில் நியாயம் இருக்கிறது. அதைச் சரியாக எழுதும் வழியைப் பிறகு சொல்கிறேன்.

இதில் புதுச்சேரி சம்பந்தம் ஒன்று இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் மேலாளர் பாரிஸில் இருந்தவர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஃபிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றுக்கும் இடையில் மொழிபெயர்ப்பதுதான் என் தொழில், அதனால் அந்த ஒரு தகவலைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. ஃபிரெஞ்சில் 'ஸ கொம்போர்த்தே' என்பது மிகச் சாதாரணமான வினை. குழந்தை பள்ளியில் எப்படி நடந்துகொண்டது என்று அம்மா கேட்பதற்கும் அதேதான். நடத்தை என்பதற்கு 'கொம்போர்த்தமான்' என்றுதான் ஆசிரியரும் மருத்துவரும் பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லுக்குக் கோட்டும் டையும் மாட்டிவிட்டார்கள். 'பிஹேவ்' என்ற எளிய சொல் ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்ததால், ஃபிரெஞ்சிலிருந்து வந்தது உயர்ந்த நடைக்கு ஒதுங்கிவிட்டது. அதனால் ஃபிரெஞ்சில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும் ஒருவருக்கு அது தினசரிச் சொல்லாகத் தோன்றும், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அதே வரி மேடைப் பேச்சாகத் தோன்றும், இரண்டும் அவ்வளவாகத் தெரியாதவருக்கு மிரட்டலாகத் தோன்றும். உங்கள் மேலாளர் மிரட்ட நினைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பது என் கருத்து.

நம் ஊரில் இந்தக் குழப்பம் புதிதும் இல்லை. ஃபிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1-ஆம் தேதி கைமாறியது, ஆனால் மொழி அந்தத் தேதியோடு நின்றுவிடவில்லை. 1826-இல் தொடங்கிய லிசே ஃபிரான்சே பள்ளி இன்றும் நடக்கிறது, சொல்தா, அதாவது ஃபிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின், குடும்பத்துப் பிள்ளைகள் இன்றும் பாரிஸுக்கும் புதுச்சேரிக்கும் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். ஃபிரெஞ்சு வழி ஆங்கிலம் பேசுகிறவர்களையும் எழுதுகிறவர்களையும் ஒயிட் டவுனில் நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். வரவேற்பில் வேலை செய்வதால் இன்னும் சிலவற்றையும் சொல்லிவைக்கிறேன். ஃபிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் வெறுமனே கேட்பது. அதை வைத்துக்கொண்டு ஒரு விருந்தினர் 'ஐ டிமாண்ட் எ டவல்' என்று சொன்னால் அவர் அதட்டவில்லை, ஒரு துண்டு கேட்கிறார், அவ்வளவுதான். இதில் மனம் கசந்துபோன வரவேற்பு ஊழியர்களை நான் சந்தித்திருக்கிறேன், இது தெரிந்திருந்தால் அந்தக் கசப்பு வந்திருக்காது. 'ஆக்துயெல்மான்' என்றால் தற்போது. ஆனால் ஆங்கிலத்தின் 'ஆக்சுவலி' என்றால் உண்மையில். 'அசிஸ்தே' என்றால் ஒரு நிகழ்ச்சியில் கலந்துகொள்வது என்றும் பொருள். விருந்தினர் 'கச்சேரியில் அசிஸ்ட் பண்ணினேன்' என்றால் அவர் மேடையில் ஏறவில்லை, கேட்கப் போயிருக்கிறார். நம் கொம்போர்த்தேவுக்கும் ஃபிரெஞ்சில் இன்னொரு பொருள் உண்டு, கொண்டிருப்பது, உள்ளடக்குவது. அதனால் உங்கள் ஹோட்டல் விளம்பரத்தில் எங்காவது 'தி ரூம் கம்போர்ட்ஸ் டூ பெட்ஸ்' என்று இருந்தால் அது ஃபிரெஞ்சிலிருந்து அப்படியே வந்தது, ஆங்கிலத்தில் தவறு. 'ஹாஸ்' என்று மாற்றச் சொல்லுங்கள்.

சரி, ஆங்கிலத்தில் இதே பொருளுக்குப் பக்கத்தில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன, எதை எங்கே எடுப்பது? 'பிஹேவ்' எளிமையானது, ஆனால் பெரியவர்களுக்கான அறிவிப்பில் ஆபத்தானது. 'பிஹேவ் யுவர்செல்ஃப்' என்பது குறும்பு செய்யும் பிள்ளையிடம் சொல்வது. வளர்ந்த மனிதரிடம் சொன்னால் சண்டைக்கு அழைத்த மாதிரி. அதன் எதிர்ச்சொல்லான 'மிஸ்பிஹேவ்' நம்மிடம் வந்து இன்னும் கனமாகிவிட்டது. ஆங்கிலத்தில் அது வகுப்பில் சத்தம் போடும் பையனுக்கும் பொருந்தும். நம் பேச்சில் 'மிஸ்பிஹேவ் பண்ணிட்டான்' என்று ஒரு பெண் சொன்னால் அது பெரும்பாலும் பாலியல் சீண்டலைத்தான் குறிக்கும். அதனால் அறிவிப்பில் அந்தச் சொல்லை எந்த மொழியிலும் போடாதீர்கள். பாலியல் துன்புறுத்தலைப் பற்றித்தான் சொல்லவேண்டும் என்றால் அதை அதன் பெயரிலேயே சொல்லவேண்டும். அதற்கென்று 2013-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்கவேண்டும், அதன் விவரத்தை எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்கவும் வேண்டும். உங்கள் ஹோட்டலில் ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

'கண்டக்ட் யுவர்செல்ஃப்' என்பது அலுவலக எழுத்துக்கு மிகப் பொருத்தம். கம்போர்ட்டின் மரியாதை இதிலும் உண்டு, ஆனால் எல்லாருக்கும் தெரிந்த சொல். நல்ல நடத்தைச் சான்றிதழுக்குக் கண்டக்ட் சர்ட்டிஃபிகேட் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அதே சொல்தான். 'டெபோர்ட் ஒன்செல்ஃப்' என்று இன்னொன்று பழைய எழுத்தில் உண்டு, அதே போர்ட் குடும்பம், ஏறக்குறைய அதே பொருள், ஆனால் இன்று டெபோர்ட் என்றாலே நாடு கடத்துவதுதான் நினைவுக்கு வரும் என்பதால் தொடவேண்டாம். 'டிமீன்' என்பதும் முன்பு நடந்துகொள்வதைத்தான் குறித்தது, டிமீனர் என்ற பெயர்ச்சொல்லில் அந்தப் பொருள் இன்னும் மிச்சம் இருக்கிறது, வினையோ இழிவுபடுத்துவது என்று மாறிவிட்டது. 'அக்விட்' என்பதோடு செல்ஃப் சேர்ந்தால் ஒரு சோதனையில் எப்படித் தேறினார் என்று பொருள்; முதல் முறை பெரிய கூட்டத்தைச் சமாளித்த புது ஊழியரைப் பாராட்ட நல்ல சொல், அறிவிப்புக்கு ஆகாது.

இவ்வளவும் ஆங்கிலம். உங்களுக்கு உண்மையில் கஷ்டமாக இருக்கப்போவது தமிழ்தான்.

அகராதியைத் திறந்தால் நடத்தை, ஒழுக்கம், ஒழுகலாறு என்று வரும். மூன்றையும் பெண்கள் அதிகம் வேலை செய்யும் ஒரு இடத்தின் சுவரில் ஒட்ட நான் சம்மதிக்கமாட்டேன். நடத்தை என்ற சொல் தன்னளவில் நல்ல சொல்தான், மனநல மருத்துவத்திலும் விலங்கியலிலும் அதை எந்தக் கறையும் இல்லாமல் பயன்படுத்துகிறோம். ஆனால் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது 'அவ நடத்தை சரியில்ல' என்றால் அது எதைக் குறிக்கிறது என்று தமிழ் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஒரு ஆண் தினமும் குடித்துவிட்டு வேலைக்கு வந்தாலும் அவர் நடத்தையைப் பற்றி அப்படிப் பேசமாட்டார்கள். ஒழுக்கமும் அதே கதிதான். அழுத அக்கா சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று நினைக்காதீர்கள், அந்தத் தமிழ்ச் சொல் நம் ஊரில் என்ன செய்யுமோ அதை அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். மொழிபெயர்த்தவருக்குத்தான் அது காதில் விழவில்லை.

நன்னடத்தை என்று போட்டால் தப்பிக்கலாமா? முடியாது. செய்தித்தாளில் நன்னடத்தை வரும் இடங்கள் எவை? நன்னடத்தை அடிப்படையில் கைதிகள் விடுதலை, நன்னடத்தைப் பிணையை மீறியவர் மீண்டும் சிறையில் அடைப்பு. பள்ளி மாற்றுச் சான்றிதழிலும் வரும், ஆனால் அது பதினேழு வயதோடு முடிந்த விஷயம். பெட்ஷீட் மாற்றுகிற, குளியலறை கழுவுகிற, விருந்தினர் மறந்துவிட்டுப்போன பணப்பையை அப்படியே கொண்டுவந்து வரவேற்பில் ஒப்படைக்கிற பெண்களிடம் போய் நன்னடத்தை கேட்பது முறையில்லை.

பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைக்கு வாருங்கள், தமிழ் உடனே இளகிவிடும். 'நடத்தை' உறுத்துகிறது, 'நடந்துகொள்' உறுத்துவதில்லை. 'ஒழுக்கம்' என்று சொல்லாமல் 'கண்ணியமாக' என்று சொன்னால், அது அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வதாகக் கேட்கிறது, இல்லாததை வரவழைக்கச் சொல்வதாகக் கேட்பதில்லை. ஆக, வரிக்கு வரி மொழிபெயர்ப்பு என்றால் இதுதான்: "ஊழியர்கள் அனைவரும் கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும்." இதில் நீங்கள் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஆனால் இதை மட்டும் ஒட்டி என்ன பயன் என்று மேலாளரிடம் கேளுங்கள் என்பது என் யோசனை. கண்ணியம் என்றால் அவருக்கு என்ன? விருந்தினர் முன் சத்தமாகப் பேசக்கூடாது என்பதா, நடைவழியில் செல்போன் பார்க்கக்கூடாது என்பதா, டிப்ஸ் கேட்டு நிற்கக்கூடாது என்பதா, அறைக் கதவைத் தட்டாமல் திறக்கக்கூடாது என்பதா? அவர் மனதில் குறிப்பாக இரண்டு மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்கும், ஏதோ ஒன்று நடந்திருக்கும், அதை எழுத மனமில்லாமல் ஒரு பெரிய சொல்லில் எல்லாவற்றையும் மூடிவைத்திருப்பார். மூடிவைப்பதில் கஷ்டம் கீழே இருப்பவர்களுக்குத்தான். என்ன செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லாமல் 'கண்ணியமாக இரு' என்று மட்டும் சொல்லிவிட்டால், நாளைக்கு எதை வேண்டுமானாலும் அந்தச் சொல்லுக்குள் போட்டு ஒருவர் மேல் குற்றம் சாட்டலாம். நீதிமன்றங்களும் இதைப் பார்த்திருக்கின்றன. 1984-இல் ஏ.எல். கல்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊழியருக்குத் தகாத நடத்தை என்கிற மாதிரிப் பொதுப்படையான விதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைத் தண்டிப்பதை ஏற்கவில்லை. எது தவறு என்று விதிகளில் குறிப்பாகப் பட்டியலிட்டிருக்கும்போது, அதில் வராத ஒன்றைப் பொதுவான எதிர்பார்ப்பின் கீழ் கொண்டுவந்து தவறாக்க முடியாது என்பது அதன் சாரம். அது ஒரு அரசு நிறுவனத்தின் வழக்கு, உங்கள் ஹோட்டலுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவரவில்லை, அதைச் சொல்லவேண்டியவர் வழக்கறிஞர். ஆனால் நடத்தை பற்றிய பெரிய சொற்கள் யார் தலையில் போய் விடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

மேலாளர் ஒத்துக்கொண்டு விஷயங்களைச் சொன்னார் என்றால், அறிவிப்பை இப்படி எழுதலாம். இதில் உள்ள செயல்கள் என் ஊகம்தான், அவர் சொல்வதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அவரைக் கேட்காமல் நீங்களாக எதையும் சேர்க்கவேண்டாம், மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் விதி போட ஆரம்பித்தால் பழி அவர் மேல்தான் வரும்.

"நாம் அனைவரும் விருந்தினரிடமும் சக ஊழியரிடமும் கண்ணியமாக நடந்துகொள்வோம். விருந்தினர் அறைக்குள் போகுமுன் கதவைத் தட்டி, பதில் வரும்வரை காத்திருப்போம். நடைவழியில் சத்தமாகப் பேசுவதையும் செல்போன் பேசுவதையும் தவிர்ப்போம். விருந்தினர் கோபமாகப் பேசினால் பதிலுக்குப் பேசாமல் மேற்பார்வையாளரைக் கூப்பிடுவோம். யாராவது உங்களிடம் கண்ணியக் குறைவாக நடந்துகொண்டால், அவர் விருந்தினராகவே இருந்தாலும், உடனே மேலாளரிடம் சொல்லுங்கள்."

கடைசி வரிக்காக மேலாளரிடம் கொஞ்சம் வாதாடுங்கள். கண்ணியம் ஒரு பக்கம் மட்டும் கேட்கப்பட்டால் அது வேலை வாங்குவதற்கான சொல்லாகிவிடும். அந்த வரி இருந்தால் அக்காக்கள் மீதி நாலு வரியையும் வேறு மனதோடு படிப்பார்கள். 'வேண்டும்' என்பதை விட்டு 'வோம்' என்று முடித்திருப்பதையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'மஸ்ட்' இருப்பதால் அவர் 'வேண்டும்' என்றுதான் வரவேண்டும் என்று சொன்னால் விட்டுக்கொடுத்துவிடலாம், அதில் பொருள் கெடாது. ஆனால் 'வோம்' என்றால் அந்த விதி மேலாளருக்கும் சேர்த்துத்தான் என்பது சொல்லாமலே தெரியும். எழுதியதை ஒட்டுவதற்கு முன் அழுத அக்காவிடமே ஒருமுறை வாசித்துக்காட்டுங்கள். எங்கே முகம் சுருங்குகிறதோ அந்தச் சொல்லை மாற்றுங்கள். என் தொழிலில் இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது.

ஆங்கில அறிவிப்பிலும் கம்போர்ட்டை எடுத்துவிட்டு கண்டக்ட் போடலாம் என்று அவரிடம் சொல்லலாமா என்று தயங்குவீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் தவறு என்று சொல்லாதீர்கள், ஏனென்றால் அது தவறில்லை. செல்ஃப் இருக்கிறது, வித் டிக்னிட்டி இருக்கிறது, இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. 'ஃபிரெஞ்சில் இது சாதாரணச் சொல் சார், இங்கே பாதிப் பேர் கம்ஃபர்ட் என்று படித்துவிட்டார்கள்' என்று மட்டும் சொன்னால் போதும். ஃபிரெஞ்சு தெரிந்தவருக்கு அடுத்த வரி தேவைப்படாது.

நீங்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேச்சில் வேண்டாம், ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்கள்கூடப் பேச்சில் அபூர்வமாகத்தான் சொல்வார்கள். எழுத்தில், இன்னொருவரைப் பாராட்டும்போது, ஒரு நெருக்கடியில் அவர் நிதானமாக நின்றதைச் சொல்லும்போது எடுக்கலாம். உங்களைப் பற்றி நீங்களே எழுதும் இடத்தில் எடுக்கக்கூடாது. நான் கண்ணியமாக நடந்துகொண்டேன் என்று தன்னைப் பற்றித் தானே சொன்னால் எந்த மொழியிலும் அது நன்றாக இருக்காது, அந்தச் சான்றை மற்றவர்தான் தரவேண்டும்.

அதனால் மதிப்பீட்டுப் படிவத்தில் அந்த வாக்கியத்தை முழுசாக எடுத்துவிட்டு, நடந்த ஒன்றை எழுதுங்கள். உங்கள் கடிதத்தின் பின்பகுதியில், இங்கே நான் சேர்க்காமல் விட்ட பகுதியில், மழையால் பயணம் ரத்தாகி நள்ளிரவில் அறை இல்லாமல் வந்து நின்ற ஒரு குடும்பத்துக்கு நீங்கள் பக்கத்து விடுதிகளுக்கெல்லாம் போன் பண்ணி இடம் பிடித்துக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் போடவேண்டும். 'ஐ ஃபவுண்ட் எ ரூம் ஃபார் எ ஸ்ட்ராண்டட் ஃபேமிலி அட் மிட்நைட்' என்று ஆரம்பித்து, எத்தனை பேர் வந்தார்கள், எங்கே இடம் கிடைத்தது, மறுநாள் அவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று மூன்று நாலு சின்ன வாக்கியங்கள். சிவப்புக் கோடு போட அதில் இடம் இருக்காது. படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும் தேதி நெருங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், அதனால் அறிவிப்பை நாளைக்கு வைத்துக்கொண்டு இதை இன்றைக்கே முடித்துவிடுங்கள்.